சாம்பல் குழியில் ஈயம்: பழைய வீடு ஒன்றின் கொல்லைக்கோழிகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். பெயர், ஊர், அடையாளம் எதுவும் வேண்டாம் என்பது அவர்கள் கேட்டுக்கொண்டது. கோழி நோய் என்று தொடங்கி, குழந்தையின் ரத்தப் பரிசோதனை வரை போன விஷயம் இது. பழைய வீட்டில் குடியிருந்து கொல்லையில் கோழி வளர்ப்பவர்கள் முழுவதும் படிப்பது நல்லது.

பின்னணி

பல ஆண்டுகள் அடுக்குமாடியில் இருந்துவிட்டு, ஒரு தம்பதி நூறு வயதைத் தாண்டிய வீடு ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினார்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தடித்த சுவர், மரத்தூண் வைத்த தாழ்வாரம், உயரமான சன்னல்கள், சரிந்த கூரை. கூரை ஓரத்தில் தண்ணீர்த் தகடு கிடையாது. மழை பெய்தால் சுவரை ஒட்டி வரிசையாக மண்ணில் விழும். இந்தக் கடைசி விவரம் பின்னால் தேவைப்படும்.

வீட்டில் நான்கு பேர்: கணவர், மனைவி, கணவரின் தாயார், இரண்டு வயது நிரம்பாத பெண் குழந்தை. வீட்டைக் கவனித்தவர் மனைவி. பொருள் எதுவும் வீணாகக்கூடாது என்பது அவருடைய கொள்கை, மாமியாருக்கோ அது பிறந்ததிலிருந்து பழக்கம். காய்கறித் தோல் கோழிக்கு, கோழி எச்சம் எருக்குழிக்கு, எரு செடிக்கு. முட்டை ஓட்டைக் காயவைத்து நுணுக்கி மறுபடி கோழிக்கே போடுவார்கள். வெந்நீர் அடுப்புச் சாம்பலில் பாதி செடிக்கும் பாத்திரம் தேய்க்கவும், மீதி கோழிகள் மண் குளிக்கும் குழிக்கும் போகும். வெளியிலிருந்து வந்தது கொஞ்சம், வெளியே போனது அதைவிடக் கொஞ்சம்.

கொல்லையில் ஒன்பது பெட்டைகளும் ஒரு சேவலும் இருந்தன. ராத்திரி பழைய விறகுக் கொட்டகையில் அடையும், பகலில் தாழ்வாரத்தைச் சுற்றி மேயும். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) என்ற கொள்ளைநோய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தார்கள்.

குடிவந்த கையோடு மராமத்து தொடங்கியது. அடிப்பாகம் உளுத்துப்போன நான்கு சன்னல் நிலைகளை ஆசாரி கழற்றிவிட்டுப் புதிது வைத்தார். தூண்களிலும் கதவுகளிலும் உரிந்து தொங்கிய பெயிண்டை உலர்வாகவே சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். செதிலும் தூளும் கீழே மண்ணில் விழுந்தன. கழற்றிய பழைய மரம் அறுபட்டு வெந்நீர் அடுப்புக்கு விறகாயிற்று. இதில் யாரும் அலட்சியமாக நடந்துகொள்ளவில்லை. பழைய வீட்டு வேலை எங்கே நடந்தாலும் இப்படித்தான் நடக்கிறது.

முதல் அறிகுறிகள்

மராமத்து முடிந்து சில மாதங்களில் முட்டை குறைந்தது. இறகு உதிர்க்கும் பருவம் என்று விட்டுவிட்டார்கள். அது நியாயமான அனுமானம்தான். உதிர்க்கும் கோழி முட்டையை நிறுத்தும், கொஞ்சம் சோர்வாகவும் தெரியும். ஆனால் உதிர்ந்த இறகு முளைத்த பிறகும் முட்டை திரும்பவில்லை. கொண்டைகள் வெளுத்துக்கொண்டே வந்தன. இரண்டு பெட்டைகள் மாலையில் கொட்டகைக்குள் நுழைய மறுத்து வாசலிலேயே நின்றன.

இந்த நிலையில்தான் என்னிடம் கேட்டார்கள். கோழி அடைய மறுத்தால் முதலில் பார்க்க வேண்டியது செள்ளு. ராத்திரியில் மட்டும் ஏறிக் கடிக்கும் சிவப்புச் செள்ளு பகலில் கோழி உடம்பில் இருக்காது, பகலில் கோழியைப் புரட்டிப் பார்த்து ஒன்றும் இல்லை என்று ஏமாறுவது வழக்கம். இருட்டிய பிறகு டார்ச்சோடு போய், அடையும் கம்பு சுவரில் செருகியிருக்கும் முனையைப் பார்க்கச் சொன்னேன். உப்பும் மிளகும் கலந்து தூவினாற்போல அங்கே சாம்பல் நிறத் தூள் படிந்திருந்தது. வெள்ளைத் துணியால் கம்பின் அடியைத் துடைத்தபோது துணியில் ரத்தக் கீற்றுகள் விழுந்தன. ரத்தம் குடித்த செள்ளு நசுங்கினால் விழும் தடம் அது.

வெளுத்த கொண்டை, முட்டைக் குறைவு, கொட்டகையில் அடைய மறுப்பது, மூன்றுக்கும் செள்ளு ஒன்றே போதிய காரணம். வெதுவெதுப்பான காலத்தில் இது ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு வந்துவிடும். கோழியே இல்லாத கூட்டிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வெடிப்பும் பொந்தும் நிறைந்த பழைய மரக்கொட்டகை இதற்கு வசதியான இடம்.

செள்ளும் சாம்பலும்

எடுத்த நடவடிக்கைகள் முறையானவையே. கம்புகளைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றினார்கள். கூளத்தை அள்ளிக் களைந்தார்கள். வெடிப்புகளை அடைத்து, கம்பு முனைகளில் சிலிக்கா மண் (பூச்சியை உலர்த்திக் கொல்லும் நுண்தூள்) தூவி, வாரம் ஒருமுறை திரும்பச் செய்தார்கள். இதோடு மாமியாரின் யோசனைப்படி மண் குளியல் குழியில் சாம்பலை வழக்கத்தைவிட இரு மடங்காகக் கொட்டினார்கள். கோழி சாம்பலில் புரண்டால் பேனும் செள்ளும் குறையும் என்பது பரவலான அனுபவம், நானும் அதை மறுக்கவில்லை. அந்தச் சாம்பல் எந்த விறகிலிருந்து வந்தது என்ற கேள்வி அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

செள்ளு கட்டுக்குள் வந்தது. கோழிகள் கொட்டகைக்குள் போகத் தொடங்கின, முட்டையும் கொஞ்சம் ஏறியது. பிரச்சினை தீர்ந்துவிட்டதாகவே எல்லோரும் நினைத்தார்கள். பாதி சரியான நோய்க்கணிப்பில் இருக்கும் சிக்கல் இதுதான். பாதி குணம் தெரிந்தவுடன் மீதிப் பாதியைத் தேடுவது நின்றுபோகிறது.

சில வாரங்களில் ஒரு பெட்டை தனியே ஒதுங்கியது. தீனி எடுத்தாலும் இளைத்தது. இறக்கை தொங்கியது. எச்சம் கரும்பச்சையாகப் போனது. பிறகு நடை தள்ளாடியது. தீனிப்பை காலையிலும் காலியாகாமல் கொழகொழவென்று இருந்தது. அதற்கு அடுத்து இன்னொன்று அதே வழியில் போனது.

கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். அவர் யோசித்த வரிசையை இங்கே சொல்வது பயன்படும். பச்சை எச்சம் என்றதும் வெள்ளைக்கழிச்சல் நினைவுக்கு வரும். ஆனால் அது பரவினால் நாள் கணக்கில் கூட்டத்தையே சாய்க்கும். இங்கே ஒவ்வொன்றாக, வாரக்கணக்கில் நடக்கிறது, தடுப்பூசியும் போட்டிருக்கிறது. கால் இழுப்பதால், நரம்பைத் தாக்கி முடக்கும் வைரஸ் நோயான மாரெக் நோயாக இருக்கலாம், ஆனால் அது பெரும்பாலும் இளம் கோழிகளைத் தாக்கும். இவை வயதான பெட்டைகள். குடற்புழுவா என்று எச்சத்தைச் சோதித்ததில் குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை. செள்ளு ஏற்கெனவே அடங்கிவிட்டது. “செத்தா புதைக்காதீங்க, அப்படியே கொண்டுவாங்க” என்று சொல்லி அனுப்பினார்.

இறந்த கோழியில் கண்டது

முதல் பெட்டை இறந்தபோது அதைக் கொல்லையிலேயே புதைக்கத்தான் மனைவி விரும்பினார், பெயர் வைத்து வளர்த்த கோழி. மருத்துவர் சொன்னதை நினைவுபடுத்திக் கணவர் கொண்டுபோனார். அன்று புதைத்திருந்தால் இந்த ஆய்வே இல்லை.

மார்பெலும்பு கத்தி முனைபோலத் துருத்தியிருந்தது. தீனியை அரைக்கும் தசைப்பையின் உட்தோல் பித்தம் படிந்து பச்சையாக இருந்தது. உள்ளே வழக்கம்போலச் சிறு கற்கள், அவற்றோடு நகத்துணுக்கு அளவில் தட்டையான சில்லுகள். மருத்துவர் ஒன்றைக் கழுவி, முனையை மடித்து, பூதக்கண்ணாடியில் காட்டினார். வெட்டு முகத்தில் அடுக்கு தெரிந்தது: மேலே பச்சை, அதற்கடியில் வெண்மஞ்சள், மறுபடி ஒரு பச்சை, எல்லாவற்றுக்கும் கீழே செங்காவி கலந்த ஆரஞ்சு. மனைவிக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. தாழ்வாரத் தூண்களைச் சுரண்டியபோது வந்த அதே வண்ண வரிசை.

பழைய எண்ணெய் பெயிண்டில் ஈயம் சாதாரணமாகக் கலந்த சரக்கு. வெள்ளைக்கு ஈயக் கார்பனேட் என்ற வெள்ளை ஈயம், அடிப்பூச்சுக்கு ஆரஞ்சு நிறச் செவ்வீயம், மஞ்சளுக்கும் சில பச்சைகளுக்கும் ஈயக் குரோமேட். வீட்டுக்குள் பூசும் வெள்ளை ஈயத்தைக் கட்டுப்படுத்த 1921லேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் உடன்படிக்கை வந்தது. அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978ல்தான். பல நாடுகளில் அதற்கும் வெகு பின்னால். எனவே பழைய மரவேலையில் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, இல்லை என்பதைச் சோதித்து நிரூபிப்பதே பாதுகாப்பான வழி. சுண்ணாம்பு வெள்ளையடிப்பு வேறு விஷயம், அதில் ஈயம் சேர்ப்பதில்லை.

கோழிக்குப் பல் கிடையாது. தீனியை அரைப்பதற்காகக் கல்லைப் பொறுக்கி விழுங்கி வைத்துக்கொள்ளும். பெயிண்ட் சில்லையும் கல் என்றே விழுங்குகிறது. கல் தங்குவதுபோல அதுவும் உள்ளே தங்கி, அரைபட்டு, ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விடுகிறது. ஈயம் ரத்தச் சிவப்பணு உருவாவதையும் கெடுக்கும். வெளுத்த கொண்டையில் செள்ளுக்கு ஒரு பங்கும் ஈயத்துக்கு ஒரு பங்கும் இருந்திருக்க வேண்டும். எது எவ்வளவு என்று இப்போது பிரிக்க வழியில்லை.

கல்லீரலும் சிறுநீரகமும் ஆய்வகத்துக்குப் போயின. ஆனால் முடிவு வரும்வரை மருத்துவர் காத்திருக்கவில்லை. அவர் கேட்ட அடுத்த கேள்வி: “முட்டையை யார் சாப்பிடுறாங்க?”

எல்லோரும்தான். குழந்தைக்குத் தினமும் காலையில் ஒரு மஞ்சள் கரு.

அன்றே எடுத்த முடிவு

அன்று மாலையிலிருந்து வீட்டு முட்டையை நிறுத்தினார்கள். ஆய்வக முடிவு இல்லாமல் எடுத்த முடிவு என்றாலும் காரணம் வலுவானது. முட்டையிடும் கோழியின் உடலில் கால்சியம் போகும் வழியில்தான் ஈயமும் போகும். எலும்பில் சேரும், ஓடு கட்ட எலும்பிலிருந்து கால்சியம் இறங்கும்போது கூடவே இறங்கும். முட்டைக்குள் அது சேர்வது முக்கியமாக மஞ்சள் கருவில், வெள்ளையில் மிகக் குறைவு. குழந்தைக்குச் சத்தானது என்று பிரித்துக் கொடுத்த பகுதியே அதிக ஈயம் உள்ள பகுதி. விழுங்கிய ஈயத்தைச் சிறு குழந்தையின் உடல் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. இவ்வளவுக்குக் கீழே போனால் ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவும் கிடையாது.

முட்டையை வேகவைத்தாலும் பொரித்தாலும் ஈயம் போகாது. இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம், கணவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

எங்கிருந்து வந்தது

உள்ளுறுப்பு முடிவு ஈய நச்சை உறுதி செய்தது. அப்புறம் வீட்டைத் தேட வேண்டியிருந்தது. மண்ணை நான்கு இடங்களில் தனித்தனியாக எடுத்தார்கள்: கூரை ஓரம் சொட்டும் வரிசை, சாம்பல் கலந்த மண் குளியல் குழி, காய்கறிப் பாத்தி, கொல்லையின் கடைக்கோடி. கூடவே அடுப்புச் சாம்பல், குழாய்த் தண்ணீர், ஒரு வாரத்து முட்டைகள்.

எல்லா இடத்து மண்ணையும் ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பியிருந்தால் சராசரியாக ஒரு எண் வந்து எதையும் சொல்லாமல் போயிருக்கும். தனித்தனியாக எடுத்ததால் வரைபடமே கிடைத்தது. கடைக்கோடி மண் சாதாரணம், தண்ணீரில் குறை இல்லை. காய்கறிப் பாத்தி நடுத்தரம். கூரை ஓரம், குழந்தைகள் விளையாடும் வெற்று மண்ணுக்கு அமெரிக்கா நெடுங்காலம் வைத்திருந்த கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்ற எல்லையைப் பல மடங்கு தாண்டியது (அந்த நாடு 2024ல் வீட்டு மண்ணுக்கான வழிகாட்டு அளவை 200 ஆகக் குறைத்தது). தலைமுறை தலைமுறையாக மழை கழுவி இறக்கிய தூளும், ஆசாரி சுரண்டிய செதிலும் அங்கேதான் சேர்ந்திருந்தன.

எல்லாவற்றிலும் உயர்ந்த எண் சாம்பலில் வந்தது. யோசித்தால் ஆச்சரியமில்லை. விறகு எரிந்தால் மரம் போய்விடும், ஈயத்தில் பெரும்பகுதி போகாது. கட்டுக்கட்டாக எரித்த பெயிண்ட் மரத்தின் ஈயம் சில கூடைச் சாம்பலில் குறுகி நின்றது. அந்தச் சாம்பலில்தான் கோழிகள் குளித்து, இறகைக் கோதி, அலகில் ஒட்டியதை விழுங்கின. செள்ளுக்காகச் சாம்பலைக் கூட்டிய காலத்துக்கும், கோழிகள் ஒவ்வொன்றாகச் சரிந்த காலத்துக்கும் இடையே இருந்த சில வார இடைவெளி அப்போது பொருள்பட்டது.

கோழிக்கு எவ்வளவு சுத்தமான மண் வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. ஆஸ்திரேலியாவில் சிட்னிப் பகுதிக் கொல்லைக்கோழிகளை வைத்து 2022ல் வெளியான ஆய்வில், வீட்டு முட்டைகளில் ஈயம் கடை முட்டையைவிடச் சராசரியாக 40 மடங்குக்கு மேல் இருந்தது. முட்டையில் ஈயம் கிலோவுக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டாமல் இருக்க, மண்ணில் அது கிலோவுக்கு 117 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட கணக்கு. அதாவது குழந்தை விளையாடலாம் என்று விடும் மண்கூடக் கோழி மேயத் தகுதியாக இல்லாமல் போகலாம். கோழி நாள் முழுக்க மண்ணைக் கிளறுவது மட்டுமல்ல, தின்னவும் செய்கிறது.

முட்டை ஓட்டை நுணுக்கிப் போட்ட பழக்கத்துக்கும் இதில் பங்கு இருக்கலாம். ஓட்டிலும் ஈயம் ஏறும், அதைத் திருப்பிக் கொடுத்தால் வெளியேறியது உள்ளே வருகிறது. எதையும் வீணாக்காத வீட்டில், வெளியே போயிருக்க வேண்டிய ஒன்றும் போகாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

குழந்தை

விரல் நுனியில் குத்தி எடுத்த முதல் பரிசோதனை உயர்வாகக் காட்டியது. விரலில் ஒட்டிய தூசியே எண்ணை ஏற்றிவிடக்கூடும் என்பதால், கையின் ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுத்து மறுபடி பார்த்தார்கள். எண் இறங்கியது, ஆனாலும் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்ற எச்சரிக்கை அளவுக்கு மேலேயே இருந்தது. ஈயத்தை வெளியேற்றும் மருந்து பொதுவாக 45ஐ எட்டினால்தான், இது அதற்கு வெகு கீழே. குழந்தை மருத்துவர் சொன்னது: ஈயம் வரும் வழியை அடையுங்கள், இரும்புச்சத்தும் கால்சியமும் குறையாமல் பாருங்கள், வெறும் வயிற்றோடு நெடுநேரம் விடாதீர்கள், குறித்த இடைவெளியில் மறுபடி சோதியுங்கள். இரும்புச்சத்து குறைந்த உடல் ஈயத்தை அதிகமாக வாங்கிக்கொள்ளும்.

குழந்தைக்கு அது முட்டையிலிருந்து மட்டும் வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. தாழ்வாரத்தில் தவழ்ந்த குழந்தை, கையை வாயில் வைக்கும் வயது. சன்னலைத் திறந்து மூடும்போது சட்டத்தோடு சட்டம் உரசி விழும் தூசியும் காரணமாக இருக்கலாம்.

வீட்டுக்குள் கடினமாக இருந்தது சாம்பல் பற்றிய பேச்சு. “எங்க அம்மா காலத்திலேர்ந்து சாம்பல் போட்டுத்தாம்மா தேய்க்கிறோம், யாருக்கு என்ன ஆச்சு?” என்று மாமியார் கேட்டார். “சாம்பல் மேல தப்பில்ல அத்தை, அந்தச் சன்னல் மரத்து மேலதான்” என்றார் மருமகள். மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. அவர் காலத்தில் அடுப்பில் எரிந்தது பெயிண்ட் படாத விறகு. குற்றம் சுமத்தாமல் இந்த வித்தியாசத்தைச் சொன்ன பிறகுதான் அவர் சாம்பல் டப்பாவைத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார்.

கோழிகள், மண், மரம்

கோழிகள் விஷயத்தில் மூன்று வழிகள் இருந்தன. எல்லாவற்றையும் கருணையோடு கொன்றுவிடலாம். மருந்து கொடுக்கலாம். உணவுக்காக அல்லாமல் வளர்ப்புப் பிராணியாக வைத்துக்கொள்ளலாம். மருந்தை மருத்துவர் பரிந்துரைக்கவில்லை. தசைப்பையில் சில்லு இருக்கும்வரை ஈயம் இறங்கிக்கொண்டே இருக்கும், எலும்பில் ஏறியதும் சுலபத்தில் வராது. எக்ஸ்ரேயில் மூன்று கோழிகளின் வயிற்றில் வெள்ளைப் புள்ளிகளாகச் சில்லுகள் தெரிந்தன. கொல்ல மனைவிக்கு மனமில்லை. முடிவில் பிழைத்திருந்தவற்றை வைத்துக்கொண்டார்கள். நிபந்தனை கடுமையானது: முட்டையோ இறைச்சியோ யாருக்கும் கிடையாது, அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கக்கூடாது, நாய்க்கோ எருக்குழிக்கோ போகக்கூடாது, பையில் கட்டிக் குப்பைக்கு.

கடைக்கோடியில் புதுக்கூடு கட்டி, அடியில் துணிவிரிப்பு போட்டு மேலே சுத்தமான மண் நிரப்பி வலை அடைத்தார்கள். தீனியைத் தரையில் வீசாமல் தொட்டியில் வைத்தார்கள். கால்சியத்துக்குக் கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்தில். கால்சியம் குறைந்தால் ஈயம் உள்ளே போவது கூடும் என்பதால் இது முட்டை ஓட்டுக்காக மட்டும் செய்த ஏற்பாடு அல்ல. சில மாதங்கள் கழித்து விடைக்கோழிகளை (இன்னும் முட்டையிடாத இளம் பெட்டைகளை) வாங்கி, பழைய கோழிகளோடு சேர்க்காமல் தனித் தடுப்பில் விட்டார்கள்.

கூரை ஓரத்து மேல்மண்ணை ஈரப்படுத்தி அள்ளி, சாம்பலோடு சேர்த்து மூட்டை கட்டி, அபாயக் கழிவாக ஒப்படைத்தார்கள். அந்த இடத்தில் துணி விரித்து ஜல்லி கொட்டி, கூரைக்குத் தண்ணீர்த் தகடும் வைத்தார்கள். காய்கறிப் பாத்தியில் கீரையும் கிழங்கும் வேண்டாம் என்று விட்டார்கள். மண் ஒட்டுவதும் ஈயம் ஏறுவதும் அவற்றில்தான் அதிகம். தக்காளி, கத்தரி போலக் காய்ப்பவற்றில் அது குறைவு. கீரைக்குச் சுத்தமான மண் நிரப்பிய தொட்டிகள் வந்தன.

மரவேலையில்தான் நீண்ட விவாதம். எல்லாப் பெயிண்டையும் உரித்து மரத்தின் நிறம் தெரிய விட வேண்டும் என்பது தம்பதியின் ஆசை. பழைய வீட்டுப் பிரியர்களிடம் இது இப்போது ஒரு மோகம். என் கருத்தில், பழைய வீட்டுக்கு அன்பின் பெயரால் செய்யும் கெடுதல்களில் இது முதலிடத்தில் வரும். ஒழுங்காக ஒட்டியிருக்கும் பழைய பெயிண்ட் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. அதைத் தூளாக்கும்போதுதான் ஆபத்து கிளம்புகிறது. அந்த மரவேலைக்கு வெறும் மரமாக நிற்கும் வரலாறும் கிடையாது. வண்ணம் பூசத்தான் செய்தார்கள்.

எடுத்த முடிவு: உரசும் இடங்களை முதலில் சரிசெய்வது. சன்னல் சட்டத்தின் ஓரம், கதவு நிலையில் இடிக்கும் பக்கம், குழந்தைக்கு எட்டும் சன்னல் விளிம்பு ஆகிய இடங்களில் பெயிண்டை முழுக்க எடுப்பது, மற்ற இடங்களில் தளர்ந்ததை மட்டும் நீக்கிப் புதுப்பூச்சால் மூடுவது. உப்புத்தாளும் தீச்சுடரும் கிடையாது. தண்ணீர் தெளித்து ஈரத்தில் சுரண்டல், அடியில் பிளாஸ்டிக் விரிப்பு, நுண்தூசி பிடிக்கும் முகக்கவசம், வேலை முடிந்ததும் நுண்வடிகட்டி உள்ள வாக்குவம், பிறகு ஈரத்துணி. துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மறுபடி எழும். சுண்ணாம்புச் சுவர்களைத் தொடவில்லை. வேலை முடியும்வரை குழந்தையும் பாட்டியும் உறவினர் வீட்டில் இருந்தார்கள். புதிய ஆசாரி ஆரம்பத்தில் சிரித்தார். தசைப்பைச் சில்லைப் பார்த்த பிறகு, வேலைச் சட்டையைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போகாமல் அங்கேயே துவைக்கக் கேட்டுக்கொண்டார், அவர் வீட்டிலும் சிறு பிள்ளைகள்.

அதன் பிறகு

குழந்தையின் எண் அடுத்த சோதனையில் குறைந்தது. அதற்கடுத்ததில் எச்சரிக்கை அளவுக்குக் கீழே போயிற்று. பெரியவர்கள் மூவருக்கும் மருத்துவர் கவலைப்படும் அளவு இல்லை.

கோழிகளில் இரண்டாவதாக நோயுற்றதும் இறந்தது. மற்றவற்றின் கொண்டை மெல்லச் சிவந்தது. பழைய கோழிகளின் முட்டையை ஒவ்வொரு கோழிக்கும் தனித்தனியாகச் சோதித்தபோது எண்கள் ஒரே சீராக இல்லை. பெரும்பாலானவற்றில் நன்றாக இறங்கியிருந்தது. ஒரு பெட்டையில் மட்டும் இறங்கவே இல்லை. எக்ஸ்ரேயில் அதன் வயிற்றில் இன்னும் ஒரு சில்லு. பார்ப்பதற்கு அதுதான் கூட்டத்திலேயே கொழுகொழுவென்று இருக்கும் கோழி. ஆரோக்கியத் தோற்றத்தை வைத்து முட்டையை நம்ப முடியாது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. விடைக்கோழிகள் முட்டையிடத் தொடங்கியதும் அந்த முட்டைகளில் ஆய்வகக் கருவி அளக்கக்கூடிய அளவுக்கு ஈயம் இல்லை. அதன் பிறகே வீட்டில் முட்டை திரும்பியது.

செள்ளு மறுபடி வந்தது. இந்த முறை சிலிக்கா மண்ணும் கொதிநீரும் மட்டும்.

மாற்ற வேண்டியவை

மராமத்துக்கு முன்பே பெயிண்டைச் சோதித்திருக்க வேண்டும். ஈயம் பட்டால் நிறம் மாறும் சோதனைக் குச்சி முதல் தடயத்துக்குப் போதும். மேல்பூச்சில் மட்டும் தேய்த்தால் போதாது, எல்லா அடுக்கும் தெரியும்படி சிறு வெட்டு போட்டுத் தேய்க்க வேண்டும். இந்த வீட்டின் மேல்பூச்சு புதிது, ஈயம் இருந்தது அடியில்.

பெயிண்ட் பட்ட மரம் எந்த அடுப்புக்கும் போகக்கூடாது. சாம்பலைப் பயன்படுத்தும் வீட்டில் இது இன்னும் கட்டாயம். சாம்பல் வேண்டுமென்றால் அதற்கென்று வெட்டிய சுத்தமான விறகைத் தனி அடுப்பில் எரிக்கலாம். இந்தக் குடும்பம் இப்போது அப்படித்தான் செய்கிறது, மாமியாரின் மேற்பார்வையில்.

கோழி விடுவதற்கு முன் மண்ணைச் சோதிப்பது, குறைந்தது கூரை ஓரத்தையும் மேய்ச்சல் நடுவையும் தனித்தனியாக. சுவரை ஒட்டிய இடத்தைச் சோதனை இல்லாவிட்டாலும் வலையடித்து விலக்கிவிடலாம், செலவு அதிகமில்லை. முட்டைக் குறைவுக்கும் வெளுத்த கொண்டைக்கும் ஒரு காரணம் கிடைத்துவிட்டாலும், சிகிச்சைக்குப் பின் கூட்டம் முழுவதும் தேறவில்லை என்றால் இரண்டாவது காரணத்தைத் தேட வேண்டும். செத்த கோழியை வெட்டிப் பார்க்காமல் புதைக்க வேண்டாம். நேரில் கொண்டுபோகும்வரை குளிர்ச்சியில் வைக்கலாம், உறைய வைக்கக்கூடாது.

வீட்டு மச்சில் பல தலைமுறைத் தூசி இருக்கிறது. அதை இன்னும் சோதிக்கவில்லை. கூரை ஓடு மாற்றும் வேலை அடுத்த ஆண்டு வருகிறது. அதற்கு முன் மச்சுத் தூசியின் மாதிரி ஆய்வகத்துக்குப் போக வேண்டும் என்பதை வேலைப் பட்டியலில் முதல் வரியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.